சவுக்கு மரங்கள் சேர்த்து வைத்த தண்ணீர்

என் முழங்கால்கள் இரண்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. அதற்குப் பிறகும் ஆறு மாதம் பிடிவாதமாக ஆட்களை மலைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். செமினிப் பக்கத்தில் ஒரு சின்னக் குன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி இறங்கும் குன்று. அங்கே ஒரு நாள், காசு கொடுத்து வந்த வாடிக்கையாளரே என் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "அங்கிள், நீங்க மெதுவா வாங்க லா" என்றார். அன்றைக்கே பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு வந்து கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது நீங்கள் ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். மலையேற்றக் குழுவை நடத்திப் போகிற வேலை. "பழைய ஆளு, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, படிக்கட்டும்" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வீர தீரக் கதைகளை எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. முடிச்சுப் போடுவது, வரைபடம் பார்ப்பது, முதலுதவி இதற்கெல்லாம் உங்களுக்கு வகுப்பு நடக்கிறது. அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. நான் எழுதப் போவது ஒரு மலையில் ஒரே பகல் பொழுதில் செய்த இரண்டு தப்புகளையும், அதன் பிறகு நாலு வருடம் விடாமல் செய்த மூன்றாவது தப்பையும்.

மலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் போனில் தேடிப் படம் பார்ப்பீர்கள், பார்த்தவுடன் போகத் தோன்றும். கிழக்கு ஜாவாவில் இருக்கிறது என்பது போதும். பழைய எரிமலை. அதன் மேற்பகுதி நம் ஊர்க்காரன் கண்ணுக்கு மலையாகவே தெரியாது. பச்சையைத் தேடினால் கிடைக்காது. காலடியில் சாம்பல், அதன் மேல் இடுப்பளவு பழுப்புப் புல், அங்கங்கே கறுத்த எரிமலைக் கற்கள். மழை இல்லாத மாதங்களில் காற்று அடித்தால் புல் முழுக்கக் காகிதம் கசக்குவது போலச் சத்தம் போடும். நான் அழைத்துப் போன எல்லாக் குழுவிலும் யாராவது ஒருவர் "என்னா இது, எல்லாம் செத்துப் போச்சா?" என்று கேட்பார். சாகவில்லை. புல்லைப் பிடுங்கிப் பார்த்தால் வேருக்கு மேலே ஒரு விரல் அகலம் வெள்ளையாக, ஈரமாக இருக்கும். மழைக்காக உயிரை அங்கே பதுக்கி வைத்திருக்கிறது.

அந்த மலைக்கு நான் முதல் தடவை போனபோது எனக்கு வழிகாட்டியவர் சுத்ரிஸ். அடிவாரத்துக் கிராமத்து ஆள், என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் பேசும் மலாய் அவருக்குப் புரியும், அவர் பேசுவது எனக்கு முக்கால்வாசி புரியும். நடக்கும்போது தெரிந்தவன் போல ஒன்று சொன்னேன். "தண்ணி தீர்ந்து போனா கவலையில்ல, பள்ளத்துல இறங்கினா ஓடை இருக்கும்" என்றேன். நம் காட்டில் அதுதானே பாடம்? வழி தவறினால் பள்ளத்தைப் பிடி, பள்ளம் ஓடையில் சேர்க்கும், ஓடை ஆற்றில் சேர்க்கும். சுத்ரிஸ் என்னைப் பக்கத்துப் பள்ளத்தில் இறக்கிக் காட்டினார். மணலும் கல்லும்தான். சொட்டு ஈரம் கிடையாது. பெய்கிற மழையைச் சாம்பல் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அது மலைக்குள்ளேயே இறங்கி, எரிமலைக் குழம்பு உறைந்து முடிகிற அடிவாரத்தில் போய்த்தான் ஊற்றாக வெளியே வருகிறது. அங்கே இறங்கிப் போக அரை நாளுக்கு மேல் ஆகும்.

"அப்ப மேல இருக்கிற மான், மாடெல்லாம் என்னா குடிக்குது?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அந்தக் குட்டையைக் காட்டினார். மலையின் தோள்பட்டையில் ஒரு சின்னப் பள்ளம். சுற்றிலும் சவுக்கு மரங்கள், ஐம்பது அறுபது இருக்கும். நடுவில் களிமண் படிந்த குழியில் தண்ணீர். எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை அளவுதான், முழங்கால் ஆழம். மழை இல்லாத மாதங்களிலும் தினமும் மாலையில் மேகம் வந்து அந்த மரங்களுக்குள் புகுந்து போகும். சவுக்கின் ஊசி இலைகள் மேகத்திலிருந்து ஈரத்தைச் சீவி எடுத்து, நுனியில் கோத்து, ஒவ்வொரு சொட்டாகக் கீழே விடும். அந்தச் சொட்டுகள்தான் குட்டை. சுற்றி இருந்த சேற்றில் மான் குளம்பு, காட்டுக்கோழிக் கால், பன்றிக் கால், ஓர் இடத்தில் சிறுத்தையின் பாதத் தடம். தண்ணீருக்குள் தலைப்பிரட்டைகள் கூட்டமாக அலைந்தன. நான் அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிவதும் உடம்பில் ஊறுவதும் வேறு வேறு என்று அப்போது தெரியவில்லை. மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்து, நாலு மணிக்குச் சாக்கடை நிரம்பி ஓடுகிற ஊரில் பிறந்தவன் நான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கிள்ளானிலிருந்து ஒரு குழு வந்தது. பதினாலு பேர், எல்லாரும் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள். அவர்களைச் சேர்த்தது பூங்கோதை அக்கா. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு வாரக் கணக்கில் கண் திறக்காமல் கிடந்தான். அவன் எழுந்து நடந்தால் மலை உச்சியில் சிவனுக்குப் பால் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். பையன் எழுந்து நடந்துவிட்டான். அந்த எரிமலை விளிம்பில் உள்ளூர்க்காரர்கள் பூ வைத்துக் கும்பிடுகிற பழைய கல் ஒன்று உண்டு. என் படத்தைப் பார்த்தவுடன் அக்கா "லிங்கம்தான், சந்தேகமே இல்ல" என்று சொல்லிவிட்டார். சுத்ரிஸ் கிராமத்தில் கேட்டு, பால் ஊற்ற அனுமதியும் வாங்கி வைத்தார்.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும், குட்டைக்கு வந்து சேர்ந்தோம். பார்த்துவிட்டு, அப்படியே மேலே ஏறுவதாகத் திட்டம். மதியத்துக்குள் உச்சிக்குப் போயாக வேண்டும், அதற்குப் பிறகு மேகம் மூடிவிடும். அக்கா தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சந்திரா, ஒரு முழுக்குப் போட்டுக்கிறோம்பா."

"அக்கா, இங்க தண்ணி கொஞ்சம்தான்."

"ரெண்டு நாளா நடந்து நாறிப் போயிருக்கோம். குளிக்காம எப்படிச் சாமிய தொடுறது? நேத்து மத்தியானத்துல இருந்து பச்சைத் தண்ணி கூட குடிக்காம விரதம் இருக்கேன். குளிக்கலன்னா இதுக்கெல்லாம் அர்த்தமே இல்ல."

அவர் கண் கலங்கிவிட்டது. பின்னால் பதின்மூன்று பேர் பையை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார்கள். சுத்ரிஸ் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "பாக், இங்க யாரும் குளிக்கிறதில்ல." பாக் என்றால் ஐயா. அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. ஜாவாக்காரர்கள் அப்படித்தான். கதவை மூடும்போதுகூடச் சத்தம் வராது.

"சீக்கிரம் முடிச்சிடுவாங்க" என்றேன்.

"நீங்கதான் தலைவர்" என்றார்.

இந்த வார்த்தையை உங்களிடமும் ஒரு நாள் யாராவது சொல்வார்கள். மரியாதை போலத்தான் காதில் விழும். எனக்கும் அப்படித்தான் விழுந்தது. அவர் தன் கையைக் கழுவிக்கொண்டு தள்ளி நிற்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் மனதுக்குள் நினைத்தது பதினாலு பேர் கையால் அள்ளி முகத்தில் தெளித்துக்கொள்வார்கள் என்று. நம் ஆட்களை எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்துதான் அப்படி நினைத்துக்கொண்டேன். ஒருவர் மொண்டு ஊற்றுகிற பிளாஸ்டிக் கயோங்கையே பையில் கட்டிக்கொண்டு மலையேறியிருந்தார். சோப்பு வந்தது, ஷாம்பு வந்தது, பெண்களுக்கு மஞ்சள் வந்தது. அரை மணி நேரம் ஒரே சிரிப்பும் சிவ நாமமும். முடிந்தபோது குட்டையில் கணுக்கால் அளவுதான் மிச்சம். அதுவும் வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. ஓரத்தில் தலைப்பிரட்டைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நான் பார்த்தேன். நேரமாகிவிட்டது என்று சொல்லி எல்லாரையும் கிளப்பினேன்.

அது முதல் தப்பு. இரண்டாவது உச்சியில் நடந்தது. பால் ஊற்றிய பிறகு கல்லைத் தண்ணீரால் கழுவ வேண்டும் என்றார்கள். ஆளுக்கு ஒரு போத்தல் எடுத்துக் கொடுத்தார்கள். சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள், கொடுக்கலாமா என்று. "ஊத்துங்க, ஊத்துங்க, திரும்பிப் போறப்ப குட்டையில நிரப்பிக்கலாம்" என்றேன். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நுரைத்துக் கிடந்த தண்ணீரைக் கண்ணால் பார்த்த மனிதன்தான் இதைச் சொன்னான். என் தலைக்குள் அது அதற்குள் மறுபடி நிரம்பித் தெளிந்திருந்தது. நம் ஊர் அருவிக் குளம் அப்படித்தானே? நூறு பேர் குளித்தாலும் பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

இறங்கும்போது வெயில் உச்சந்தலையில். அன்றைக்கு மேகம் வரவில்லை. சாம்பலின் சூடு காலணி வழியாக ஏறியது. காற்று வேர்வையை வரும் முன்பே குடித்துவிடுகிறது, அதனால் யாருக்கும் தாகம் தெரியவில்லை. பூங்கோதை அக்கா விரதத்தை முடித்தேன் என்று ஒரு வாய்ப் பால்தான் குடித்திருந்தார். குட்டைக்குக் கொஞ்சம் மேலே அவர் நடை கோணலாகிவிட்டது. மரத்தடியில் உட்கார வைத்தோம். நாக்கு குழறியது. தாதி அல்லவா, தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்து, "சந்திரா, எனக்கு வேர்க்கல. இது நல்லதில்ல" என்றார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

குழுவிடம் இருந்த தண்ணீரை எல்லாம் சேர்த்தால் அரைப் போத்தல். அது அவர் உதட்டை நனைக்கத்தான் ஆயிற்று. குட்டைக்கு ஓடினேன். காலையில் விட்டுப் போனது அப்படியே இருந்தது. நுரை அடங்கி, சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியிருந்தது. எங்களிடம் வடிகட்டி இருந்தது, கொதிக்க வைக்க அடுப்பும் இருந்தது. சோப்பை எதுவும் பிரித்துக் கொடுக்காது. கரையில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் புல்லுக்குள்ளிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன்னால் இரண்டு மாடுகள். ஒன்று நிறை சினை, வயிறு இரண்டு பக்கமும் ஆடியது. கீழே புல் காய்ந்து போகும் மாதங்களில் மாடுகளை மேலே ஓட்டி வந்து, ஓலைக் குடிசை ஒன்றில் தங்கி மேய்ப்பவர் என்று சுத்ரிஸ் பிறகு சொன்னார். பெயர் சுமி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாடுகளை அந்தக் குட்டைக்குக் கொண்டு வருவார். அன்றைக்கு அவர் முறை நாள்.

மாடுகள் தண்ணீரில் மூக்கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டன. அந்த அம்மா குனிந்து ஒரு விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மேலே மரத்தடியில் கிடந்த அக்காவைப் பார்த்தார். திரும்பி நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தோளில் ஒரு கம்பும், கம்பின் இரண்டு முனையிலும் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் தோங்குமாக வந்தார். குடிசையில் சேர்த்து வைத்திருந்த தண்ணீர். இரண்டையும் அக்கா பக்கத்தில் இறக்கி வைத்தார்.

துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். உப்பும் சீனியும் கலந்து கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் அக்காவுக்குப் பேச்சு வந்தது. மிச்சத் தண்ணீரை மற்ற பதின்மூன்று பேருக்கும் நான்தான் பங்கு போட்டேன். சரியாகப் போட்டேன், ஒருவருக்கும் குறையாமல். மாடுகள் இரண்டும் பத்தடி தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. காலித் தோங்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்க மாட்டுக்கு என்னா செய்வீங்க?" என்று மலாயில் கேட்டேன்.

"திடாக் அப்பா" என்றார். பரவாயில்லை என்று பொருள். நமக்கும் தெரிந்த வார்த்தைதான், தினமும் நூறு தடவை சொல்கிறோம். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்ட வார்த்தை அதுதான்.

வீடு வந்து சேர்ந்து ஒரு வாரம் கழித்து சுத்ரிஸ் குரல் பதிவு அனுப்பினார். சுமி மறுநாள் விடிந்ததும் மாடுகளை அடிவாரத்து ஊற்றுக்கு ஓட்டியிருக்கிறார். வேறு வழி இல்லை. தாகத்தில் மாடுகள் வேகமாக இறங்கியிருக்கின்றன. சினை மாடு சரளைக் கல்லில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. மேலே தூக்க முடியவில்லை. விழுந்த இடத்திலேயே அறுத்தார்கள். வயிற்றில் இருந்த கன்றும் போயிற்று. சுத்ரிஸ் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நஷ்டத்துக்கு ஈடு அனுப்பினேன். அனுப்பியதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

இனிமேல்தான் மூன்றாவது தப்பு. முதல் இரண்டுக்கும் அவசரம், வெயில் என்று சாக்குச் சொல்லலாம். இதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கிள்ளான் கோயிலில் அன்னதானம். குழு முழுக்க இருந்தது, என்னையும் அழைத்திருந்தார்கள். பூங்கோதை அக்கா எழுந்து நின்று கதை சொன்னார். "உயிர் போற நேரம். சுத்தி ஒரு மனுஷன் கிடையாது, ஒரு வீடு கிடையாது. அந்த ஈஸ்வரியே ஒரு மாட்டுக்காரம்மா மாதிரி வந்து, தண்ணி குடுத்துட்டுப் போயிட்டா. பேரு கூட சொல்லல. சந்திரன் கூடத்தான் இருந்தாரு, கேட்டுப் பாருங்க!" அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. ஒரு கிழவர் கைகூப்பிவிட்டார். அக்காவின் மகன் தாயின் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் தலையை ஆட்டினேன்.

என்ன சொல்லியிருக்க முடியும் என்று அன்றைக்கு என்னையே கேட்டுக்கொண்டேன். அக்கா, அந்த அம்மாவுக்குப் பெயர் உண்டு. அவர் கொடுத்தது மாட்டுக்கு வைத்திருந்த தண்ணீர். நாம் குளித்ததால் அவருக்கு ஒரு மாடு போயிற்று. இதைச் சொன்னால் இந்த அம்மாள் உடைந்து போவார், வேண்டுதல் நிறைவேறிய சந்தோஷம் போய்விடும் என்று நினைத்தேன். கம்பெனிக்குக் கெட்ட பெயர் வரும் என்றும் நினைத்தேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வாயை மூடிக்கொண்டு இரண்டாம் தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தக் கதை கிள்ளானில் நிற்கவில்லை. ஷா ஆலம் போயிற்று, பிரிக்பீல்ட்ஸ் வந்தது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசையில் யாரோ, "ஜாவாவுல ஒரு தீர்த்தம் இருக்கு பாஸ், மலை மேல, குளிச்சா பிள்ளைக்கு ஒரு குறையும் வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலேயே விழுந்தது. குட்டை தீர்த்தமாகிவிட்டது. வேறு ஆட்கள் வேறு வழிகாட்டிகளோடு போனார்கள். நம் அலுவலகத்திலும் கேட்டார்கள். "அந்த மலைக்கு இப்ப பாதை சரியில்ல" என்று சொல்லி நான் தட்டிக் கழித்தேன். நான் போகவில்லை, யாரையும் அழைத்துப் போகவும் இல்லை. அதையே பெரிய தியாகம் போல வைத்துக்கொண்டேன்.

நாலாம் வருடம் சுத்ரிஸ் ஒரு படம் அனுப்பினார். கீழே ஒரு வரி கூட எழுதவில்லை. குட்டைக்கு மேற்கில் நின்ற சவுக்கு மரங்கள் கரிக்கட்டையாக நின்றன. யாரோ மரத்தடியில் கற்பூரம் ஏற்றியிருக்கிறார்கள். காய்ந்த ஊசி இலை மெத்தை போலக் கிடக்கும் இடம், பற்றிக்கொண்டது. எரிந்தவை இருபது மரத்துக்கு மேல் இருக்கும். மேகம் முதலில் வந்து மோதுவது அந்தப் பக்கத்து மரங்களில்தான். மரம் இல்லையென்றால் மேகம் வரும், சும்மா கடந்து போகும். சொட்டாது.

அடுத்த வாரமே கிளம்பிப் போனேன். என் கால் அப்போதே தகராறு செய்ய ஆரம்பித்திருந்தது. சுத்ரிஸ் மட்டக்குதிரையில் ஏற்றி அழைத்துப் போனார். குட்டையில் பாதி அளவு கூடத் தண்ணீர் இல்லை. சேற்றில் மான் குளம்புத் தடத்தைத் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. சோப்பு உறைகள் கிடந்தன, மஞ்சள் பொட்டலம் கிடந்தது. சுமி அங்கே இருந்தார். ஒரே ஒரு மாடுதான் கூட இருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்டேன். மலாயில் மன்னிப்புக் கேட்பது சுலபம், இரண்டு வார்த்தைதான். அவர் தலையசைத்தார். இந்தத் தடவை 'திடாக் அப்பா' என்று சொல்லவில்லை.

குட்டை ஓரத்தில் இந்தோனேசிய மொழியில் ஒரு பலகை நட்டிருந்தது, குளிக்கக் கூடாது என்று. கிராமத்தார் வைத்தது. மலாய்க்கு நெருங்கிய மொழிதான், நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் அதைப் படிக்கத் தெரியும். "படிச்சாங்க" என்றார் சுமி. "படிச்சிட்டு, இது டூரிஸ்டுக்கு வச்சது, நாங்க சாமி கும்பிட வந்தவங்கன்னு சொன்னாங்க. நீங்க உங்க எழுத்துல எழுதுங்க. அப்பவாவது கேப்பாங்க."

சுத்ரிஸ் குடிசையிலிருந்து பலகையும் சாயமும் கொண்டு வந்தார். என்னை வரச் சொல்லாமலே வர வைத்து, எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். 'தயவுசெய்து இங்கே குளிக்க வேண்டாம்' என்று எழுதினேன். என்ன எழுதியிருக்கிறது என்று சுமி கேட்டார், சொன்னேன். "ஏன்னு எழுதலையா?" என்றார். அதன் கீழே எழுதினேன்: 'இது மாடுகளும் மான்களும் குடிக்கும் தண்ணீர். வேறு தண்ணீர் இல்லை.' அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்க பேரையும் போடுங்க. அவங்க ஆளே சொன்னா நம்புவாங்க" என்றார். பேரையும் ஊரையும் போட்டேன்.

ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. அங்கே போன யாரோ பலகையைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"சந்திரா, இதுல உன் பேரு இருக்கே. என்னாப்பா இது?"

அப்போதுதான் சொன்னேன். சோப்பு, தலைப்பிரட்டை, தோங்கு, பள்ளத்தில் விழுந்த மாடு, வயிற்றில் இருந்த கன்று, எரிந்த மரங்கள், எதையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். போன் துண்டாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு "அக்கா?" என்றேன்.

"இருக்கேன். அந்தம்மா பேரு என்னா?"

"சுமி."

"நட்சத்திரம் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"சரி, பேரு போதும். வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்குச் சொல்லிடறேன்." பிறகு குரல் மாறியது. ஆஸ்பத்திரியில் வேலை தெரியாதவர்களிடம் பேசியிருப்பாரே, அந்தக் குரல். "நாலு வருஷம் சந்திரா. சொன்னா தாங்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா? எத்தனை பேர் செத்ததை அவங்க வீட்டு ஆளுங்ககிட்ட என் வாயால சொல்லியிருக்கேன் தெரியுமா? அன்னைக்கு அன்னதானத்துல நீ எழுந்து நின்னு சொல்லியிருந்தா, அங்கேயே மைக்க வாங்கி நானும் சொல்லியிருப்பேன். ஒருத்தன் அங்க போய்க் குளிச்சிருப்பானா? அந்த மரம் எரிஞ்சிருக்குமா?"

அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். எரிந்திருக்காது அக்கா என்றேன்.